காது வரைந்த வரைபடம்: கூகையின் மூளை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிச்சம் துளியும் புகாத ஓர் அறை. தரையெல்லாம் காய்ந்த சருகு. உயரமான ஒரு கட்டையில் கூகை உட்கார்ந்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு ஒரு சுண்டெலியை உள்ளே விடுகிறார்கள். சருகு லேசாகச் சலசலக்கிறது. கூகை பறந்து வந்து எலியைக் காலால் அமுக்கிப் பிடித்துவிடுகிறது.

1950களின் பிற்பகுதியில் ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க இளைஞர் தொடங்கிய சோதனை இது. பின்னாளில் கூனல்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டை உலகத்துக்குக் கேட்கச் செய்தவரும் இவர்தான். ஆனால் அவருடைய முதல் காதல் கூகையின் காது. எலியின் உடல் சூட்டை வைத்துக் கூகை கண்டுபிடிக்கிறதா, வாசனையை வைத்தா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, ஒரு காகித உருண்டையை நூலில் கட்டிச் சருகின் மேல் இழுத்துப் பார்த்தார். காகிதத்துக்குச் சூடும் இல்லை, எலி வாசனையும் இல்லை. கூகை அதையும் வந்து அடித்தது. ஒரு காதைப் பஞ்சால் அடைத்தால் குறி தவறியது. ஆக, இரண்டு காதும் சேர்ந்துதான் இருட்டில் வழி காட்டுகின்றன.

மூளைக்குள் இடம் எப்படிப் பதிகிறது என்ற பேச்சு வந்தால் பெரும்பாலும் எலியில்தான் தொடங்குவார்கள். 1971ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் கண்டெடுத்த இட நியூரான்கள் (விலங்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது துடிக்கும் நரம்புச் செல்கள்), அவற்றுக்கும் மோசர் தம்பதியின் ஆய்வுக்கும் சேர்த்து 2014ல் கிடைத்த நோபல் பரிசு என்று அந்தக் கதை நன்றாகத் தெரிந்த கதை. நான் கூகையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எலியின் இட நியூரானைத் தொட்டால், அதற்குள் வந்து சேரும் செய்திகள் மூளையின் பல மூலைகளிலிருந்து வருகின்றன; எது எங்கே பிறந்தது என்று பிரிப்பது கடினம். கூகையில் காதுத் துளையில் தொடங்கி வரைபடம் வரை ஒவ்வொரு கண்ணியாகப் பின்தொடர முடிந்தது. அந்த வரைபடம் தவறானால் மூளை அதை எப்படித் திருத்துகிறது என்பதையும் அதே பறவையில் பார்க்க முடிந்தது. இந்த இரண்டும் ஒரே விலங்கில் அமைவது அபூர்வம்.

நம் ஊர்க் கோயில் கோபுரங்களிலும் பழைய கட்டடங்களின் பொந்துகளிலும் இருக்கும் கூகை, இந்த ஆய்வுகளில் வரும் பறவைக்கு மிக நெருங்கிய சொந்தம். சில பறவையியலாளர்கள் இரண்டையும் ஒரே இனம் என்கிறார்கள், சிலர் தனித்தனி இனமாகப் பிரிக்கிறார்கள். அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டப்படும் பறவை அது. அதன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கல்லெறிய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

காதுக்கு ஏன் இது கடினம்

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். கண்ணுக்கு இடம் இலவசமாகக் கிடைக்கிறது. வெளியே இடப்பக்கம் இருக்கும் பொருளின் ஒளி விழித்திரையில் ஓரிடத்தில் விழும், வலப்பக்கப் பொருளின் ஒளி வேறோர் இடத்தில் விழும். விழித்திரையே ஒரு படம். அதிலிருந்து நரம்புகளை வரிசை குலையாமல் மூளைக்குக் கொண்டுபோனால் போதும், வரைபடம் தயார்.

உட்காதில் அப்படி ஒன்றும் இல்லை. அங்கே இருக்கும் உணர்செல்கள் அதிர்வெண் வாரியாக வரிசையாக நிற்கின்றன. ஒரு முனையில் கீச்சுக்குரல், மறு முனையில் கட்டைக்குரல். எலி எந்தப் பக்கம் இருந்தாலும் அதன் சலசலப்பு அதே செல்களைத்தான் தட்டும். அப்படியானால் 'எங்கே' என்ற தகவல் காதில் எங்குமே எழுதப்படவில்லை. மூளை அதைக் கணக்குப் போட்டுத்தான் உண்டாக்க வேண்டும்.

கணக்குக்கு வேண்டிய மூலப்பொருள் இரண்டு. ஒலி வலப்பக்கத்திலிருந்து வந்தால் வலக்காதை ஒரு கணம் முன்னதாக எட்டும். இது நேர வேறுபாடு. இரண்டு காதிலும் ஒலி ஒரே அளவு உரக்கக் கேட்காது. இது உரப்பு வேறுபாடு. மனிதர்களாகிய நாம் இரண்டையுமே பெரும்பாலும் இடம் வலம் தெரிந்துகொள்ளத்தான் பயன்படுத்துகிறோம். கூகையின் முகத்தில் ஒரு வினோதம் இருக்கிறது. அதன் காதுத் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை. இடக்காது சற்று மேலே இருந்து கீழ்நோக்கித் திறக்கிறது, வலக்காது கீழே இருந்து மேல்நோக்கித் திறக்கிறது. முகத்தைச் சுற்றி வட்டமாக அடர்ந்திருக்கும் விறைத்த இறகுகள் ஒலியைக் குவித்து இந்தக் கோணலை இன்னும் கூட்டுகின்றன. அதனால் கீழிருந்து வரும் கீச்சொலி இடக்காதில் உரக்கக் கேட்கும், மேலிருந்து வருவது வலக்காதில். உரப்பு வேறுபாடு இப்போது மேல் கீழைச் சொல்லும் கருவி ஆகிவிட்டது. அந்த முக இறகுகளை நீக்கிப் பார்த்தபோது கூகைக்கு மேல் கீழ் குழம்பிப்போனது, இடம் வலம் குழம்பவில்லை.

நேர வேறுபாட்டின் அளவைச் சொன்னால் மலைப்பாக இருக்கும். கூகையின் தலை சிறியது. ஒலி முழுக்க ஒரு பக்கத்திலிருந்து வந்தாலும் இரண்டு காதுக்கும் இடையே விழும் இடைவெளி சுமார் 200 மைக்ரோவிநாடிதான். ஒரு மைக்ரோவிநாடி என்றால் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கூகை ஒலியின் திசையை ஏறக்குறைய 2 டிகிரிக்குள் துல்லியமாகக் குறிக்கிறது. அதற்கு 10 மைக்ரோவிநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு நரம்புத் துடிப்பு எழுந்து அடங்கவே ஏறக்குறைய 1000 மைக்ரோவிநாடி ஆகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1978: வரைபடம் கிடைத்த ஆண்டு

மசகாசு கொனிஷி 1933ல் கியோட்டோவில் பிறந்தவர். ஜப்பானில் படித்து, பிறகு பெர்க்லியில் பீட்டர் மார்லரிடம் பறவைப் பாட்டை ஆராய்ந்தவர். 1975ல் கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார். அவருடைய வழிமுறை எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் விலங்கு என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பது, அதற்குப் பிறகுதான் நரம்புத் துடிப்பைப் பதியும் மின்முனையை மண்டைக்குள் இறக்குவது. கூகையின் கண்கள் குழிக்குள் கிட்டத்தட்ட அசையாதவை. எதைக் கவனித்தாலும் முகத்தையே திருப்பும். அப்படியானால் முகம் திரும்பும் கோணத்தை அளந்தாலே, ஒலி எங்கிருந்து வருவதாகக் கூகை நினைக்கிறது என்று தெரிந்துவிடும். பதில் சொல்லத் தெரியாத பறவையிடம் பதில் வாங்கும் எளிய வழி.

அங்கே முதுமுனைவர் ஆய்வாளராக வந்து சேர்ந்த எரிக் நூட்சனும் கொனிஷியும் எதிரொலி இல்லாத அறை ஒன்றில் மயக்க மருந்து கொடுத்த கூகையை நடுவில் வைத்தார்கள். அதைச் சுற்றி அரைவட்டத் தண்டவாளம் ஒன்று. அதில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று ஓடும். இதனால் கூகையின் தலையைச் சுற்றிக் கற்பனைக் கோளம் ஒன்றின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஒலி எழுப்ப முடிந்தது. அதுவரை ஒலி ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒலியின் அதிர்வெண்ணைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒலி வரும் இடத்தை மாற்றிப் பார்த்ததுதான் இந்தச் சோதனையின் உயிர்.

நடுமூளையில் ஒலிக்கான பகுதி ஒன்றின் வெளி விளிம்பில் அவர்கள் தேடியது கிடைத்தது. அங்கிருந்த ஒவ்வொரு நியூரானும் வெளியே ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒலி வந்தால் மட்டும் துடித்தது. ஸ்பீக்கர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் அடங்கியது. பல நியூரான்களுக்கு, மையத்தில் ஒலித்தால் துடிப்பு, அதைச் சுற்றிய வளையத்தில் ஒலித்தால் அடக்கம். மின்முனையை நகர்த்திக்கொண்டே போனபோது அடுத்தடுத்த நியூரான்கள் வெளியிலும் அடுத்தடுத்த இடங்களைக் காட்டின. ஒரு திசையில் நகர்ந்தால் இடம் வலம் மாறியது, அதற்குச் செங்குத்தாக நகர்ந்தால் மேல் கீழ். மூளையின் ஒவ்வொரு பாதியிலும் அதற்கு எதிர்ப்பக்கத்து உலகம் அப்படியே விரிக்கப்பட்டிருந்தது. முகத்துக்கு நேர் எதிரே உள்ள பகுதிக்கு மட்டும் தாராளமாக இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எலியைப் பாய்ந்து பிடிக்கும் கடைசி நொடியில் அங்கேதானே துல்லியம் வேண்டும். 1978ல் சயன்ஸ் இதழில் இது வெளியானது.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காதிலிருந்து வந்த எந்த நரம்பும் இந்த வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. மூளையே கணக்குப் போட்டுக் கட்டிய வரைபடம் இது. அப்படியொன்று இருக்க முடியும் என்பதற்கே இந்தப் பறவைதான் தெளிவான முதல் சாட்சி.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது

அடுத்து எழுந்த கேள்வி, கணக்கு எங்கே நடக்கிறது என்பது. கூகையின் இரண்டு காதிலும் சின்னஞ்சிறு ஒலிக்கருவிகளைப் பொருத்தினார்கள். நேர வேறுபாட்டை மட்டும் மாற்றினால் வரைபட நியூரான் இடம் வலம் சம்பந்தமாகப் பதில் தந்தது. உரப்பு வேறுபாட்டை மட்டும் மாற்றினால் மேல் கீழ் சம்பந்தமாக. ஆண்ட்ரூ மொய்செஃப்புடன் சேர்ந்து கொனிஷி செய்த வேலை இது. உயரத்தையும் திசையையும் தனித்தனியாகத் திருகும் இரண்டு குமிழ்கள் கையில் கிடைத்த மாதிரி.

இரண்டும் மூளைக்குள் தனித்தனித் தடத்தில் போகின்றனவா? 1984ல் டெர்ரி தகஹாஷி, மொய்செஃப், கொனிஷி மூவரும் எளிதான ஒரு சோதனையால் இதற்குப் பதில் கண்டார்கள். ஒலி நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழைந்ததும் இரண்டு முடிச்சுகளுக்குப் பிரிகிறது. ஒரு முடிச்சில் மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுவிட்டால் வரைபட நியூரானின் நேர உணர்வு மாறியது, உரப்பு உணர்வு அப்படியே இருந்தது. மற்ற முடிச்சில் விட்டால் தலைகீழ். பல் பிடுங்கும்போது பல் மருத்துவர் போடும் ஊசியில் இருப்பதும் அதே குடும்பத்து மருந்துதான்.

நேரத்தை அளக்கும் விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிக அழகான பகுதி. 1948ல், இந்தப் பறவையை யாரும் திறந்து பார்ப்பதற்கு வெகு முன்பே, லாயிட் ஜெஃப்ரஸ் என்ற உளவியலாளர் காகிதத்தில் ஒரு யோசனையை வரைந்திருந்தார். ஒரு தெருவை எண்ணிக்கொள்ளுங்கள். வரிசையாக வீடுகள். தெருவின் ஒரு முனையிலிருந்து இடக்காதின் செய்தி ஓடி வருகிறது, மறு முனையிலிருந்து வலக்காதின் செய்தி. இரண்டு தபால்காரர்களும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றால் மட்டும் கதவைத் திறக்கும் வீடுகள் அவை. இடக்காதில் ஒலி முந்தி விழுந்தால் அந்தத் தபால்காரர் கொஞ்சம் அதிக தூரம் ஓடியிருப்பார். சந்திப்பு வலப்பக்க முனைக்கு அருகில் நடக்கும். எந்த வீட்டுக் கதவு திறந்தது என்று பார்த்தாலே நேர வேறுபாடு தெரிந்துவிடும். நேரம் இப்படி இடமாக மாறுகிறது.

40 ஆண்டுகள் கழித்து கேத்தரின் காரும் கொனிஷியும் கூகையின் மூளைத்தண்டில் இதைக் கண்ணால் கண்டார்கள். ஒரு காதிலிருந்து வரும் இழைகள் மேலிருந்தும் மறு காதிலிருந்து வருபவை கீழிருந்தும் நுழைந்து ஒன்றையொன்று கடந்து போகின்றன. ஆழத்துக்கு ஏற்பத் துடிப்பு வந்து சேரும் நேரம் படிப்படியாகத் தாமதமாகிறது. நடுவில் நிற்கும் செல்கள் இரண்டும் ஒன்றாக வந்தால் உரக்கத் துடிக்கின்றன. கோழியில் இதே பகுதி ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. கூகையில் அது தடித்துப் பருத்திருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். தாமதத்தைப் பார்த்து அளக்கும் இந்த முறை, ஒரே சீரான சுருதியில் ஏமாந்துபோகும். 5000 ஹெர்ட்ஸ் ஒலி 200 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் செய்கிறது. எனவே ஓர் அலையின் முகட்டை அடுத்த அலையின் முகட்டோடு தவறாக ஜோடி சேர்த்தாலும் தபால்காரர்கள் ஒன்றாக வந்து நிற்பார்கள். தவறான வீடும் கதவைத் திறக்கும். குறுகிய சுருதியில் ஒலியெழுப்பினால் கூகை உண்மையிலேயே இல்லாத இடத்துக்கு முகத்தைத் திருப்புவதுண்டு. வரைபட நியூரான்கள் இதற்கு வைத்திருக்கும் வழி, பல அதிர்வெண்களின் விடைகளைச் சேர்த்துப் பார்ப்பது. பொய் விடைகள் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் இடம் மாறும்; உண்மையான விடை மாறாது. எலி சருகில் எழுப்பும் சலசலப்பில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருப்பதால் காட்டில் இந்தக் குழப்பம் வருவதில்லை.

நேரமும் உரப்பும் கடைசியில் எப்படிச் சேர்கின்றன என்பதை 2001ல் ஹோசே லூயிஸ் பேன்யாவும் கொனிஷியும் காட்டினார்கள். வரைபட நியூரான் இரண்டையும் கூட்டவில்லை, பெருக்குகிறது. கூட்டினால் ஒன்று மட்டும் பலமாக இருந்தாலும் துடித்துவிடும். பெருக்கினால் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். திசையும் சரி உயரமும் சரி என்றால்தான் பேசும்.

இதெல்லாம் மூளையில் இருப்பது சரி, பறவை இதைப் பயன்படுத்துகிறதா? வரைபடத்தின் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்தினால் வெளியுலகில் அதற்குரிய இடத்து ஒலியைத் தேடுவதில் மட்டும் கூகை தடுமாறுவதை ஹெர்மன் வாக்னர் 1993ல் காட்டினார். இந்த வரைபடம் போய்ச் சேரும் நடுமூளைக் கூரையில் லேசான மின்தூண்டல் கொடுத்தால், கூகை அதற்குரிய திசைக்கு முகத்தைத் திருப்புகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த அழகில் மயங்கி எல்லாத் தலைக்குள்ளும் இதே தெருவும் வீடும் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். பாலூட்டிகளில் அப்படி இல்லை என்பதற்குச் சான்றுகள் வலுவாக இருக்கின்றன. கினிப் பன்றியில் டேவிட் மெக்கால்பைனும் கூட்டாளிகளும் 2001ல் கண்டது, நியூரான்கள் வரிசையான தாமதங்களாகப் பரந்து நிற்காமல் இரு பக்கத்துக்கும் இரண்டு பெருங்கூட்டமாக நிற்பதைத்தான். இரண்டு கூட்டங்களில் எது எவ்வளவு உரக்கத் துடிக்கிறது என்று ஒப்பிட்டே இடம் கணிக்கப்படலாம். ஒரே கேள்விக்கு இரண்டு குலங்கள் இரண்டு விதமாக விடை கண்டிருக்கின்றன என்பதே என் எண்ணம்.

கண் பொய் சொன்னால்

குஞ்சாக இருந்த கூகை வளரும்போது தலை பெருக்கிறது, முக இறகு முளைக்கிறது. எந்த நேர வேறுபாடு எந்தத் திசைக்கு உரியது என்ற கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். பிறக்கும்போதே எழுதி வைத்த அட்டவணை உதவாது. அப்படியானால் யார் சரிபார்க்கிறார்கள்? ஸ்டான்ஃபோர்டுக்குப் போன நூட்சன் அடுத்த பல ஆண்டுகளை இந்தக் கேள்விக்கே கொடுத்தார்.

நடுமூளைக் கூரையில் ஒலி வரைபடமும் பார்வை வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திக் கிடக்கின்றன. ஓரிடத்தைக் காணும்போது துடிக்கும் நியூரான், அதே இடத்திலிருந்து வரும் ஒலியைக் கேட்டாலும் துடிக்கும். இந்தப் பொருத்தத்தைக் குலைக்க நூட்சன் குஞ்சுகளுக்குப் பட்டகக் கண்ணாடி மாட்டினார். உலகம் முழுவதும், சொல்லப்போனால் 23 டிகிரி, வலப்பக்கம் நகர்ந்து தெரியும். கண்கள் குழிக்குள் அசையாத பறவை என்பதால் கண்ணை ஓரமாகத் திருப்பிச் சரிக்கட்டவும் வழியில்லை. தலையோடு பொருத்திய சட்டத்துடன் வாரக்கணக்கில் வாழ்ந்த அந்தப் பறவைகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அதைச் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதுவது சரியாக இருக்காது.

எலி நேர் எதிரே இருக்கிறது. காதுகளுக்கு நேர வேறுபாடு பூஜ்யம். கண்ணுக்கோ எலி 23 டிகிரி வலப்பக்கம். சில வாரங்களில் குஞ்சின் ஒலி வரைபடம் கண்ணின் பக்கம் சாய்ந்தது. பூஜ்ய நேர வேறுபாடு கேட்டால் இருட்டிலும் முகத்தை வலப்பக்கம் திருப்பத் தொடங்கியது. காதுகள் சொன்னது முழு உண்மை. கண் சொன்னது பொய். ஆனாலும் மூளை கண்ணையே நம்பியது. கண்ணாடியைக் கழற்றினாலும் தவறு உடனே போகவில்லை. வரைபடம் மெல்லத்தான் திரும்பியது.

மாற்றம் நடந்த இடமும் தெரிந்தது. வரைபடம் முதன்முதலில் உருவாகும் அந்த வெளி விளிம்பில், கண்ணாடி மாட்டிய பறவைகளில் நரம்பிழைகள் புதிய இடங்களுக்குப் படர்ந்திருந்தன. பழைய இணைப்புகள் அழிக்கப்படவில்லை. தடுப்பு வேதிப்பொருளான காபாவால் வாயடைக்கப்பட்டிருந்தன. அந்தத் தடுப்பை மருந்தால் விலக்கினால் பழைய வரைபடம் மறுபடி பேசியது. நான் முதலில் படித்தபோது ஒரு நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதிர்ந்த கூகைக்கு அதே கண்ணாடியை மாட்டினால் வரைபடம் ஏறக்குறைய நகரவில்லை. நரம்பியலில் பருவம் தப்பிவிட்டது என்று சொல்லும் நிலை. குஞ்சுப் பருவத்தில் ஒருமுறை கண்ணாடி அணிந்த பறவைகள் மட்டும் முதிர்ந்த பிறகும் அதே மாற்றத்தை மறுபடி செய்துகாட்டின என்று நூட்சன் 1998ல் எழுதினார். பிறகு 2002ல் பிரீ லிங்கென்ஹோக்கரும் அவரும் வேறொரு வழியில் முயன்றார்கள். 23 டிகிரியை ஒரேயடியாகத் திணிக்காமல் முதலில் 6 டிகிரி, அது பழகியதும் 11, அப்புறம் 17, கடைசியில் 23 என்று படிப்படியாக ஏற்றினார்கள். ஒரே பாய்ச்சலில் கற்காத முதிர்ந்த பறவை, சிறு படிகளில் கணிசமாகக் கற்றது.

கடைசிச் சோதனை 2005ல் வந்தது. கொனிஷிக்கும் நூட்சனுக்கும் சேர்த்து குரூபர் நரம்பியல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான். முதிர்ந்த கூகைகளுக்குக் கண்ணாடி மாட்டி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் செத்த எலிகளைத் தட்டில் வைத்தார்கள். மற்றக் குழு மங்கலான வெளிச்சத்தில் உயிருள்ள எலிகளைத் துரத்திப் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். கண்ணாடி ஒன்றுதான், நாட்களும் ஒன்றுதான். 10 வாரம் கழித்து மின்முனையை இறக்கிப் பார்த்தபோது, தட்டில் சாப்பிட்ட பறவைகளின் ஒலி வரைபடம் இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. வேட்டையாடியவற்றின் வரைபடம் அதைவிடப் பல மடங்கு நகர்ந்திருந்தது.